பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு யாருடைய கவலை?

(அஞ்செட்டியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் தங்கள் பிள்ளைகளோடு கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், ஓசூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி நிகழ்த்திய பேச்சு.)



மேடையில் பேசிப் பழகியவன் அல்ல நான். ஓசூரில் லேத் மிஷின் முன்னால் 26 வருஷம் நின்று வேலை செய்தவன். உபாத்தியாயர் வேலை பார்த்தவனும் அல்ல. ஆனாலும் இரண்டு வருஷமாக இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை என்னுடைய செல்போன் சும்மா இருப்பதில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் கணக்கையும் விஞ்ஞானத்தையும் படம் பிடித்து அனுப்புகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை, காலேஜில் படிக்கிற என் பேத்தியிடம் கேட்டுச் சொல்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

இரவு எட்டு மணி. தகப்பன் ஓசூரில் இரண்டாவது ஷிப்டு; திரும்பி வர நடுநிசி ஆகும். தாய் காலையிலிருந்து ராகிக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து கணக்கு. மூன்று போட்டாகிவிட்டது. நாலாவது கணக்கில் நின்றுவிட்டாள். யாரிடம் கேட்பாள்? வாத்தியார் வீடு இருபது மைலுக்கு அப்பால். டியூஷன் என்றால் தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ போக வேண்டும். அந்தி சாய்ந்த பிறகு யானை நடமாடும் காட்டுப் பாதை; பஸ்ஸும் கிடையாது.

நோட்டை மூடிவிடுகிறாள். மறுநாள் வகுப்பில் தலை குனிந்து நிற்கிறாள். அதற்கு மறுநாள் நடக்கிற பாடம் அந்த நாலாவது கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதுவும் விளங்கவில்லை. ஒரு மாதத்தில் அவளே ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறாள்: "எனக்குக் கணக்கு வராது." பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அந்தத் தீர்ப்பை சர்க்கார் ஊர்ஜிதம் செய்கிறது. அதன் பிறகு கம்பெனி வேனில் ஏறுவதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

கம்பெனி வேலை கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் செய்த வேலை அதுதான். ஆனால், விரும்பிப் போவது ஒன்று. எல்லாக் கதவும் சாத்தப்பட்டதால் போவது வேறொன்று. ஒரு கணக்குக்குப் பத்து நிமிஷம் துணை கிடைக்காததால் ஒரு பிள்ளையின் கதவு சாத்தப்படுகிறது என்றால், அது அற்ப விஷயமா?

தூரத்துத் துணை புதிதல்ல

"வாத்தியார் நேரில் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்ல முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்குப் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கும்பகோணம் காலேஜில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளத்தைப் பறிகொடுத்தவர் அவர். இரவும் பகலும் கணக்கு. ஆனால் தான் போட்டது சரியா, தப்பா என்று கேட்க இங்கே போதிய துணை இல்லை. 1913 ஜனவரி 16ந் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இருந்த ஹார்டி என்ற கணித நிபுணருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்னால் எழுதிப் பார்த்த இரண்டு பேராசிரியர்கள் கை கொடுக்கவில்லை. ஹார்டி கை கொடுத்தார். அந்தக் குமாஸ்தாதான் சீனிவாச ராமானுஜன்.

ஹார்டி என்ன பதில் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். பாராட்டினார், அதோடு நிரூபணமும் கேட்டார். இந்த முடிவுக்கு எப்படி வந்தீர், வழியைக் காட்டும் என்று கேட்டார். ராமானுஜனிடமே விடை மட்டும் போதாது என்றால், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்! இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு கதை, நம் காலத்தது. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வேலையில் இருந்த சல்மான் கான் என்ற வாலிபர். அவருடைய உறவுக்காரப் பெண் நாதியா, வெகுதூரத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஆறாம் வகுப்புப் படித்தாள். கணக்குப் பரீட்சையில் பின்தங்கிவிட்டாள். டெலிபோனில் பேசிக்கொண்டும், இருவருடைய கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் தெரிகிற எழுத்துப் பலகையில் எழுதிக் காட்டியும் அவர் உதவினார். மந்தமான பெண்ணா அவள்? இல்லை. அலகு மாற்றம் என்ற ஒரே இடத்தில் இடறி நின்றிருந்தாள். கிராமைக் கிலோ ஆக்குவது, அடியை அங்குலம் ஆக்குவது, அவ்வளவுதான். அந்த முடிச்சு அவிழ்ந்ததும் மேலே போய்விட்டாள். மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். 2006-ல் பாடங்களைப் படமெடுத்து யூடியூபில் போட்டார். 2008-ல் அது லாப நோக்கம் இல்லாத ஒரு ஸ்தாபனமாயிற்று. இன்று உலகம் முழுவதும் பிள்ளைகள் காசு இல்லாமல் கான் அகாடமியில் படிக்கிறார்கள்.

எங்கிருந்து ஆரம்பம்? தடுக்கி நின்ற ஒரு பிள்ளை. தூரத்தில் இருந்த ஒரு சொந்தக்காரர். தினமும் கொஞ்ச நேரம். இது அஞ்செட்டியில் முடியாதா?

நூறு கிலோமீட்டரில் நடந்த வியாபாரம்

இதே காரியம் நமக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரில் வியாபாரமாக நடந்தது. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2005-ல் டியூட்டர் விஸ்டா என்ற கம்பெனி அங்கே ஆரம்பமாயிற்று. வேலை என்ன? அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடத்தில் உதவி. கணக்கும் விஞ்ஞானமும் முக்கியம். அங்கே மாலை என்றால் நமக்கு விடியற்காலை. நம் நாட்டு உபாத்தியாயர்கள் கோழி கூவுகிற நேரத்தில் எழுந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளைக்குக் கணக்குச் சொன்னார்கள். மாதம் சுமார் 100 டாலர் கட்டினால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த ஊர் டியூஷனோடு ஒப்பிட்டால் அது சல்லிசு.

செக் என்ற அமெரிக்கக் கம்பெனியும் இதே துறையில் வளர்ந்தது. அங்கத்திய மாணவர்கள் கேள்வியை அனுப்புவார்கள். நம் நாட்டில் படித்த பட்டதாரிகள் பல்லாயிரம் பேர் வீட்டில் இருந்தபடி விடை எழுதுவார்கள். ஒரு விடைக்கு இவ்வளவு என்று கூலி. பீடி சுற்றுகிறவர்களுக்கும் பனியன் தைக்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த துண்டுக்கூலிதான். சரக்கு மட்டும் வேறு. 2023 மே மாதத்தில், சாட்ஜிபிடி என்ற பேசும் யந்திரத்துக்கு மாணவர்கள் மாறுகிறார்கள் என்று அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டதும், அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கணக்குச் சொல்லித் தரத் தெரிந்தவர்களுக்கு நம் பக்கம் பஞ்சம் இல்லை. பெங்களூரில் இருந்து பாஸ்டன் வரை அவர்கள் குரல் போயிருக்கிறது. அஞ்செட்டிக்கு மட்டும் வரவில்லை. காசு இருந்த இடத்துக்குப் பாதை போட்டார்கள். இல்லாத இடத்துக்குப் போடவில்லை.

பிறகு நம் நாட்டுப் பெற்றோரிடமே வியாபாரத்துக்கு வந்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த பைஜூஸ் கம்பெனி 2017-ல் அந்த டியூட்டர் விஸ்டாவையும் வாங்கிக்கொண்டது. 2019-லிருந்து கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் அதன் பெயர் இருந்தது. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே வருஷம் டிசம்பரில், பெற்றோரை நெருக்கிப் பாடங்களை விற்கிறது என்ற புகாரின் மேல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவரை விசாரணைக்கு அழைத்தது. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக, அதன் மேல் திவால் நடவடிக்கைக்கு உத்தரவாயிற்று.

மாளிகை சாய்ந்தது பற்றி நமக்கு ஆனந்தம் இல்லை. அதில் வேலை பார்த்தவர்களும் தொழிலாளிகளே. பாடம் ஒன்றுதான்: பிள்ளையின் படிப்பை வட்டிக் கடனுக்கு வாங்கும் பண்டமாக நினைத்து யாரும் ஏமாறாதீர்கள். யாராவது வாசலில் வந்து, "இதில் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் பிள்ளை டாக்டர்" என்று சொன்னால், நாலு பேரைக் கலக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பள்ளிக்கூடம் மூடியிருந்த காலம்

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் திரும்பவும் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல்! சர்க்காரின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே ஆரம்பமாகியிருந்தது. அது அப்போது பாடம் நடத்தியது. நல்ல காரியம். ஆனால் தொலைக்காட்சி பேசும். பிள்ளை திரும்பக் கேட்டால் பதில் சொல்லாது.

போனில் வகுப்பு நடந்தது. சிக்னல் எங்கே? நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரம் பக்கத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் ஆலமரத்துக் கிளையில் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள் என்று 2021-ல் பத்திரிகைகளில் படம் வந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மலைப்பக்கத்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" வந்தது. முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் நம் கிருஷ்ணகிரியும் ஒன்று. மாலை வேளையில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள், திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்தக் காசுக்காகவா செய்தார்கள்? எதிர்த்த வீட்டுப் பிள்ளை எழுத்தை மறந்துவிடக் கூடாதே என்று செய்தார்கள். ஊருக்குள்ளேயே உதவுகிற கைகள் இருக்கின்றன என்பதை அவர்கள் நிரூபித்தார்கள்.

விடை வேறு, வழி வேறு

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

இன்று கணக்கைப் படம் பிடித்தால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் விடையைக் காட்டுகிற யந்திரம் போனிலேயே வந்துவிட்டது. படிப்படியாக எழுதியும் காட்டுகிறது. சில சமயம் தப்பாகவும் சொல்கிறது. அதையும் தைரியமாகச் சொல்கிறது. பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிறாள். வாத்தியார் சரி போடுகிறார். எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பிள்ளை என்ன கற்றாள்? லேத்தில் நான் ஒரு தண்டைக் கடைந்து முடித்து வைத்தால் பக்கத்தில் நிற்கும் புது ஆளுக்கு வேலை வந்துவிடுமா? அவன் கையில் கொடுத்து, கூட நிற்க வேண்டும். வெட்டு ஆழமானால் கையைத் தட்ட வேண்டும். அப்படித்தான் எனக்கு ஒரு மேஸ்திரி கற்றுக் கொடுத்தார்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பெண் குழந்தை கணக்கு ஒன்றை அனுப்பினாள். "ஒரு வயலில் 6 பேர் களை எடுத்தால் 8 நாளில் முடியும். 4 பேர் எடுத்தால் எத்தனை நாள்?" அவள் போட்ட விடை ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும். எட்டை நாலால் பெருக்கி ஆறால் வகுத்திருக்கிறாள்.

"தப்பு, விடை 12" என்று நான் எழுதியிருந்தால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். நான் போன் போட்டேன்.

"கண்ணு, அம்மா பக்கத்தில இருக்காங்களா?"

"இருக்காங்க தாத்தா. களி கிண்டறாங்க."

"அம்மாகிட்டக் கேளு. ஆறு ஆள் எட்டு நாள்ல எடுக்கிற களையை நாலு ஆள் விட்டா அஞ்சு நாள்ல முடிப்பாங்களான்னு கேளு."

அந்தத் தாய் சிரித்தது எனக்குப் போனில் கேட்டது. "ஆள் கொறைஞ்சா நாள் கூடத்தானே செய்யும்? இது என்ன கணக்கு!" என்றாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தாத்தா, ஆறு பேர் எட்டு நாள்னா மொத்தம் 48 ஆள் கூலி. அதை நாலு பேருக்குப் பிரிச்சா 12 நாள்" என்று அவளே சொன்னாள். புஸ்தகத்தில் இதற்கு எதிர் விகிதம் என்று பெயர். பெயர் அவளுக்கு மறக்கலாம். களிக் கரண்டியோடு அம்மா சிரித்தது மறக்குமா? எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்தான் அன்றைக்கு உபாத்தியாயர். நான் நடுவில் நின்ற தபால்காரன்.

யந்திரத்தை எதிர்ப்பது நம் வேலை அல்ல. யந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். அதையும் பழக்கப்படுத்தலாம். பிள்ளை தானே போட்டு முடித்த பிறகு சரி பார்க்க வைத்துக்கொள்ளலாம். "விடை சொல்லாதே, அடுத்த படி என்ன என்று மட்டும் கேள்" என்று அதற்கு உத்தரவு போடலாம். ஆனால் பிள்ளை தடுக்கி விழுந்த இடம் எது என்று தெரிந்துகொள்ள, பிள்ளையைத் தெரிந்த மனிதன் வேண்டும்.

நம் கையிலேயே இருக்கிற பாடம்

"எங்களுக்கு என்ன தெரியும், நாங்கள் எப்படி உதவுவது?" என்று கேட்பீர்கள். தோழர்களே, உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது!

கல்லுடைக்கிற தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். நெம்புகோல் என்று ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் படத்தைப் பார்த்து உருப்போடுகிறார்கள். கடப்பாறையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, சின்னக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்து நெம்புகிறோமே, அதுதான் நெம்புகோல். ஐந்து அடிக் கடப்பாறை. முட்டுக்கல்லில் இருந்து பாறைப் பக்கம் ஒரு அடி, கைப்பக்கம் நாலு அடி. 100 கிலோ பாரத்தைத் தூக்க, கையில் 25 கிலோ பாரத்தின் அழுத்தம் போதும். முட்டைத் தள்ளி வைத்தால் பாரம் ஏறும். இதை உங்கள் தோள் அறியும். பிள்ளையைக் கூட்டிப் போய் ஒரு தடவை நெம்பச் சொல்லுங்கள்.

ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெர்னியர் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அது பாடம். படத்தில் பார்த்தால் தலை சுற்றும். விஷயம் இதுதான்: பெரிய அளவுகோலின் 9 மில்லிமீட்டரைச் சின்ன அளவுகோல் 10 பாகமாகப் பிரித்திருக்கிறது. ஆகவே ஒரு பாகம் 0.9 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். பெரிய கோலில் 23 தாண்டி நிற்கிறது, சின்னக் கோலில் நாலாவது கோடு பொருந்துகிறது என்றால் அளவு 23.4 மில்லிமீட்டர். இதைத் தினமும் நூறு தடவை பார்க்கிற தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை ஒரு வெர்னியரைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒரு ரூபாய்க் காசை அளக்கச் சொன்னால் போதும். தூரத்தில் இருந்தால் அளக்கிறதைப் படமெடுத்து அனுப்பலாம். அந்தப் பாடம் ஜன்மத்துக்கும் மறக்காது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் பலருடைய பல்லில் பழுப்புக் கறை. சிலருக்கு எலும்பும் வளைகிறது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. "15 லிட்டர்க் குடத்தில் அந்த அளவு எவ்வளவு?" 22.5 மில்லிகிராம். "அதைக் கிராமில் சொல்லு." 0.0225. நாதியா தடுக்கி விழுந்த அதே அலகு மாற்றம்தான். இங்கே அது நம் பிள்ளையின் பல்லைப் பற்றிய கணக்கு. தாத்தாவின் பல் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை தானே விடை கண்டுபிடித்தால், அவள் விஞ்ஞானத்தை விட மாட்டாள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

படிக்காத தாய்மார்கள் "நமக்கு இதில் வேலை இல்லை" என்று ஒதுங்க வேண்டாம். மூன்று கேள்விகளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, "கணக்கில் என்ன கொடுத்திருக்கிறான்?" இரண்டு, "என்ன கேட்டிருக்கிறான்?" மூன்று, "நீ போட்டது நடக்கிற காரியமா?" இந்த மூன்றுக்கும் பிள்ளை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லப் பாதி முடிச்சு தானே அவிழும். நான் கண்ணால் பார்த்தது இது.

இன்னொன்று. நம் ஊர் எல்லை ஊர். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை உண்டு, கன்னடம் பேசுகிற பிள்ளை உண்டு. புஸ்தகம் தமிழிலோ இங்கிலீஷிலோ இருக்கிறது. "முடுக்கம்", "உந்தம்" என்ற வார்த்தைகள் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே புதிது. முதலில் வீட்டுப் பாஷையில் விஷயத்தைச் சொல்லுங்கள். பஸ் கிளம்பும்போது உடம்பு பின்னால் சாய்கிறதே, அதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அது பௌதிகம்தான். விஷயம் விளங்கிய பிறகு புஸ்தக வார்த்தையை மேலே வையுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

என்ன செய்வோம்?

வெறும் பேச்சோடு கலையாமல் ஐந்து காரியங்களைத் தீர்மானிப்போம்.

முதலாவது, ஊருக்கு ஒரு இடம், ஒரு நேரம். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரு திண்ணையைத் தேர்ந்தெடுங்கள். மாலை 7 முதல் 8 வரை பிள்ளைகள் அங்கே கூடிப் படிக்கட்டும். ஒருவன் தடுக்கினால் முதலில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்கட்டும். அதிலும் தீராததை மட்டும் போனில் அனுப்பட்டும்.

இரண்டாவது, ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமா, டிகிரி முடித்தவர்கள். ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் கொடுக்கட்டும். ஏழு பேர் சேர்ந்தால் வாரம் முழுவதும் துணை உண்டு. சீட்டுப் பிடிக்கிறோமே, அது மாதிரி முறை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஒரு சட்டம்: முதல் பதிலில் யாரும் விடை சொல்லக் கூடாது. பிள்ளை, தான் எதுவரை போட்டேன் என்று படம் பிடித்து அனுப்ப வேண்டும். துணைவர் அடுத்த படிக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. பெரியவர் "தெரியாது" என்று சொல்வதைக் கேட்ட பிள்ளைக்குத் தைரியம் வரும்.

நாலாவது, ஜாக்கிரதை. எல்லாக் கேள்வியும் எல்லாப் பதிலும் பெற்றோரும் இருக்கிற பொது வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்க வேண்டும். யாரும் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. போனில் பேச வேண்டியிருந்தால், தாய் தகப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் உள்பட எல்லாருக்கும் இது பொருந்தும். நல்ல காரியத்துக்குக் காவல் வேண்டும்.

ஐந்தாவது, சிக்னல் எட்டாத குக்கிராமங்களை விட்டுவிடக் கூடாது. அங்கத்துப் பிள்ளைகள் கேள்வியைக் காகிதத்தில் எழுதி, காலையில் பஸ் ஏறி வருகிற யாரிடமாவது கொடுக்கட்டும். மறுநாள் பதில் போகட்டும். ராமானுஜன் கடிதத்துக்குக் கப்பலில் வாரக் கணக்கில் ஆயிற்று. நமக்கு ஒரு நாள் போதும்.

தோழர்களே, இதைச் செய்வதால் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக அர்த்தம் அல்ல. காலி இடங்களில் கணக்கு, விஞ்ஞான உபாத்தியாயர்களைப் போட வேண்டும். மலைக்கிராமங்களுக்குச் சிக்னல் கோபுரம் வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் வெர்னியரும் தராசும் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகள் கைக்கு வர வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். மனுக் கொடுப்போம்; பதில் வரும் வரை விடமாட்டோம். ஆனால் கோபுரம் வரும் வரை அந்த எட்டாம் வகுப்புப் பெண் நாலாவது கணக்கோடு காத்திருக்க முடியாது. அவளுக்குப் பரீட்சை இந்த வருஷம்.

லேத்தில் நின்ற காலத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சரிவாகக் கடைவதற்கு வேண்டிய கோணத்தை எப்போதும் சூப்பர்வைசர்தான் கணக்குப் போட்டு, துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். வெட்டுவது என் கை, கணக்கு அவருடையது. கணக்கு அவருடையதாக இருந்தவரை, கூலியில் அவருக்கும் எனக்கும் இருந்த தூரத்தையும் அந்தக் காகிதமே தீர்மானித்தது. நாற்பது வயசுக்கு மேல், ஒரு சின்னப் பையனிடம் கேட்டு அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். மறுநாள் துண்டுக் காகிதத்தை வாங்காமலே கோணத்தை வைத்தேன். தண்டு சரியாக உட்கார்ந்தது. அன்றைக்குச் சம்பளம் உயரவில்லை. என் முதுகு நிமிர்ந்தது.

நம் பிள்ளைகள் அதற்கு நாற்பது வயசு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஆரம்பிப்போம். முறை எடுத்துக்கொள்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த நோட்டில் பெயரையும் கிழமையையும் எழுதிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை என்னுடையது, அதை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இன்னும் ஆறு கிழமை பாக்கி இருக்கிறது.